நூலின் விலை, துணியின் விலை, கையின் விலை



சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாக் காலத்துப் புகார் நகரை இளங்கோவடிகள் நமக்குத் தெருத்தெருவாகக் காட்டிச் செல்கிறார். அங்கே காருகர் எனப்படும் நெசவாளரின் இருப்பிடமும் ஒன்று. சங்கப் பாடல்களுக்குள் புகுந்தால், இரவிலே சிறு விளக்கின் ஒளியில் பஞ்சோடு பாடுபடும் பருத்திப் பெண்டிரையும் காண்கிறோம். நூலும் நெசவும் நமது இலக்கியத்துக்குப் புதியன அல்ல.

ஆயினும் ஒரு கேள்விக்கு அந்த நூல்களில் விடை இல்லை. புகார் நகரத்துக் காருகர் நூலை என்ன விலைக்கு வாங்கினர்? நெய்த துணியை என்ன விலைக்கு விற்றனர்? இரண்டுக்கும் இடையில் எஞ்சியது ஒரு குடும்பத்தின் சோற்றுக்குப் போதியதாயிருந்ததா? இவற்றைக் கூறவேண்டிய கடமை ஒரு காப்பியத்துக்கு இல்லை என்பது உண்மையே. ஆனால் ஓர் ஊரிலே ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட தறியோசை, அடுத்த தலைமுறையில் ஏன் ஓய்ந்தது என்று கேட்பவருக்கு இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நகர முடியாது. கிழக்குக் கரையில் வாழும் நமக்கு அந்த ஊர் தொலைவில் இல்லை.

ஆலையடிவேம்பிலிருந்து கல்முனை வீதி வழியே வடக்கு நோக்கிப் போனால் அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. பாண்டிருப்பைத் தாண்டினால் மருதமுனை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் அவ்வூரையும் கைத்தறியையும் பிரித்து நினைப்பது கடினம். மருதமுனைச் சாறன் என்றால் இப்பகுதியில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஊர்ப் பெயரே சரக்கின் பெயராக நிலைப்பது எளிதில் வருகின்ற பெருமையன்று.

கைத்தொழில் முதலீடு என்றதும் நமக்குப் புகைபோக்கியும் பெரிய கட்டடமும் நினைவுக்கு வருகின்றன. வீட்டுக் கொட்டிலில் நிற்கும் தறியும் முதலீடுதான். மரத்துக்கும் அச்சுக்கும் கொடுத்த பணம், நூலுக்கும் சாயத்துக்கும் முன்கூட்டியே கொடுத்த பணம், துணி விற்றுக் காசு கைக்கு வரும்வரை காத்திருக்கும் நாட்கள், நாடா எறியவும் அறுந்த இழையைக் கண்டு முடியவும் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் ஆண்டுகள் ஆகிய யாவும் அதற்குள் அடங்கும். பெரிய முதலாளி தன் பணத்தை ஒரு தொழிலிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். நெசவாளியின் முதல் மரமாகவும் கைப்பழக்கமாகவும் மாறிவிட்ட ஒன்று. அதை எடுத்து வேறிடத்தில் போட முடியாது.

இந்த முதலீடு எதை நம்பி நிற்கிறது? துணியின் விலையை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். அது பாதி உண்மையே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கற்பனைக் கணக்குத்தான். ஒரு சாறனுக்கு வேண்டிய நூலும் சாயமும் பத்து ரூபா என்றும், சாறன் விற்கும் விலை பதினைந்து ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். நூல் சுற்றியவர், சாயம் தோய்த்தவர், நெய்தவர், விற்றவர் அனைவரின் சீவியமும் இடையிலுள்ள ஐந்து ரூபாவில் இருக்கிறது. இனி வெளிநாட்டுச் சாறன் ஒன்று பதின்மூன்று ரூபாவுக்குச் சந்தைக்கு வருகிறது. உள்ளூர்ச் சாறனும் அதே விலைக்கு இறங்கியாக வேண்டும். துணியின் விலையில் ஏழில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. வாங்குபவருக்கு அது ஒரு சிறு சலுகை. நெசவாளியின் பங்கோ ஐந்திலிருந்து மூன்றாகிவிட்டது. ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று.

ஆகவே நெசவு வாழ்வது துணியின் விலையில் அல்ல. நூலின் விலைக்கும் துணியின் விலைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் என்பதே சரியானது. இந்த இரண்டு விலைகளுள் ஒன்றைக்கூட மருதமுனையோ கல்முனைச் சந்தையோ தீர்மானிப்பதில்லை. நூல் பெரும்பாலும் கடல் கடந்து வருவது. துணியின் விலையும் கடல் கடந்து வரும் துணியைப் பார்த்தே அமைகிறது. கிழக்குக் கரையின் கடந்த அறுபது எழுபது ஆண்டுக் கைத்தொழில் வரலாற்றை இந்த இடைவெளி விரிந்ததும் சுருங்கியதுமான கதையாகவே படிக்கலாம்.

பழைய கதையிலிருந்து தொடங்குவோம். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி ஒருகாலத்தில் தென்கிழக்காசியா வரையும் ஐரோப்பா வரையும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலை தலைகீழாயிற்று. மான்செஸ்டர் ஆலைகள் நீராவியால் ஓடின. அவற்றின் துணி இந்தியாவிலும் இலங்கையிலும் கைத்தறித் துணியைவிட மலிவாக விற்கப்பட்டது. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கும் நாடாக இந்தியா மாறியது. நெசவாளியின் இடைவெளியை இங்கிலாந்தின் இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். அவ்வருகையின் நோக்கம் கதர் நிதி திரட்டுவது. விலையைப் பார்த்துத் துணி வாங்காதீர், நெய்தவரைப் பார்த்து வாங்குங்கள் என்று கேட்பதே கதர் இயக்கத்தின் சாரம். சந்தை மூடிவிட்ட இடைவெளியை மக்களின் மனச்சாட்சி திறக்கட்டும் என்பது அவர் நம்பிக்கை.

இலங்கையில் அந்த இடைவெளியைத் திறந்தது மனச்சாட்சி அல்ல, பற்றாக்குறை. கொரிய யுத்தக் காலத்தில் இறப்பரும் 1950களின் நடுப்பகுதியில் தேயிலையும் நல்ல விலை பெற்றன. அதன்பின் வந்த ஆண்டுகளில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றும் ஈட்டிய பணம், நாடு இறக்குமதி செய்த அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் துணிக்கும் போதாமற்போயிற்று. அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1967 நவம்பரில் பிரித்தானியப் பவுண் மதிப்பிறக்கப்பட்டபோது இலங்கை ரூபாவும் இறக்கப்பட்டது. 1968இல் இரட்டை நாணய மாற்று முறை வந்தது. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசின் காலத்தில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. வெளிநாட்டுத் துணி அருமைப் பொருளாயிற்று.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. துணிக்குத் தடை போட்ட அரசு நூலை முற்றாகத் தடுக்கவில்லை. அதைப் பங்கீட்டு முறையில் நெசவாளருக்குக் கிடைக்கச் செய்தது. ஒரு கையால் துணியின் விலையை உயர்த்தி, மறு கையால் நூலின் விலையைத் தாழ்த்தி வைத்தது எனலாம். இடைவெளி இரு பக்கத்தாலும் விரிந்தது. பணம் அந்த இடத்தை நோக்கி ஓடியது. நாடெங்கும் கைத்தறிகள் பெருகின. மருதமுனை போன்ற ஊர்களில் ஒரு தறி வைத்திருந்தவர் இரண்டு வைத்தார். இரண்டு வைத்திருந்தவர் கொட்டிலை நீட்டிக் கூலிக்கு ஆள் வைத்தார். எமது பகுதியில் மூத்தவர்கள் இன்றும் அந்தக் காலத்தைத் தறியோசையோடுதான் நினைவுகூருகிறார்கள்.

வாங்குவதற்கும் கையில் காசு வேண்டுமல்லவா? அதையும் ஒரு விலைதான் தந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இப்பகுதியின் வயல்களுக்கு நீர் கொண்டுவந்தது. அரசின் உத்தரவாத விலைத் திட்டத்தின்கீழ் 1952இல் ஒரு புசல் நெல்லுக்கு 12 ரூபா. 1967இன் இறுதியில் அது 14 ரூபா. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிய 1974இல் 33 ரூபா. வெள்ளாமை வெட்டிய கையோடு பிடவைக் கடைக்குப் போவது எமது ஊர் வழக்கம். வயலில் நெல்லுக்குக் கிடைத்த விலை, சில வாரங்களில் தறிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆலையடிவேம்பின் வயலும் மருதமுனையின் தறியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாயிருந்தன.

ஆயினும் அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் பாடிவிட்டுப் போவது வரலாறாகாது. நெசவாளி பெற்ற கூடுதல் வருவாய் எங்கிருந்து வந்தது? துணி வாங்கிய ஏழையின் மடியிலிருந்து வந்தது. அரிசி, சீனி, பாண், துணி என எதற்கும் வரிசையில் நின்ற காலம் அது. பிள்ளைக்குப் பாடசாலைச் சட்டை தைக்கத் துணி தேடி அலைந்த தாயும் எம்மவளே; அதே துணியின் தட்டுப்பாட்டால் சோறு உண்ட நெசவாளியும் எம்மவரே. இன்னுமொரு பழுதும் இருந்தது. பங்கீட்டு நூலுக்கு ஒரு விலையும் வெளிச்சந்தையில் வேறு விலையும் நிலவுமானால், நூலை நெய்வதைவிட நூலாகவே விற்றுவிடுவது இலாபம் என்ற ஆசை எழுவது இயல்பு. எதை நெய்தாலும் விற்கும் என்ற நிலையில் புதிய கோலங்களைத் தேடும் தேவையும் குறைகிறது. மதிலுக்குள் வாழ்பவருக்கு மதில் இருப்பதே மறந்துபோகிறது.

1977 யூலைத் தேர்தலில் ஜே.ஆர். ஜயவர்தன தலைமையிலான கட்சி பெருவெற்றி பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் நிதியமைச்சர் ரொனி டி மெல் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தோடு அந்த மதில் இடிக்கப்பட்டது. பெரும்பாலான இறக்குமதிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்றாயிற்று. இரட்டை நாணய மாற்று முறை நீங்கி, டொலரின் பெறுமதி சுமார் 16 ரூபாவாக அமைந்தது. கடைகளில் வெளிநாட்டுத் துணிகள் வந்து குவிந்தன. செயற்கை இழைத் துணி கசங்காது, விரைவில் உலரும், விலையும் மலிவு. வரிசையில் நின்று களைத்த மக்கள் அதை விரும்பி வாங்கியதில் குற்றம் காண முடியாது. நாம் போட்ட கற்பனைக் கணக்கில் ஐந்து மூன்றானது போலத்தான் தறிக் கொட்டில்களிலும் நடந்தது. முதலில் கூலித் தறிகள் நின்றன. பிறகு வீட்டுத் தறிகள் ஒவ்வொன்றாக மௌனமாயின.

அந்தக் காலத்திலேயே மூன்றாவது விலை ஒன்றும் கதைக்குள் வந்தது. அது கையின் விலை. 1973 ஒக்டோபர் யுத்தத்துக்கு முன் ஒரு பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்த மசகு எண்ணெய், 1974இன் தொடக்கத்தில் 12 டொலரை நெருங்கியது. அந்தப் பணத்தால் வளைகுடா நாடுகளில் நகரங்கள் எழுந்தன, வேலையாட்கள் தேவைப்பட்டனர். 1970களின் பிற்பகுதியிலிருந்து நமது கரையின் ஆண்களும் பெண்களும் மத்திய கிழக்குக்குப் புறப்பட்டனர். அங்கே கிடைத்த சம்பளத்தோடு தறிக்கூலி போட்டியிட முடியவில்லை. இடைவெளி சுருங்கிய அதே வேளையில் அந்த இடைவெளியிடம் கை கேட்ட கூலி உயர்ந்தது. மலிவுத் துணி தறியின் ஒரு பக்கத்தை வெட்டியதென்றால், எண்ணெய் விலை மறு பக்கத்தை வெட்டியது. மகனோ மகளோ அனுப்பிய பணத்தில் கல்வீடு எழுந்தது. அந்த வீட்டில் தறிக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. இதைத் தவறென்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பிள்ளைகளின் படிப்பும் சகோதரிகளின் திருமணமும் அந்தப் பணத்தில்தான் நடந்தன.

துணித் தொழிலே நாட்டைவிட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. இங்குதான் வரலாற்றின் விசித்திரத்தைக் காண்கிறோம். 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்தது. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியது. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. ஏன் வந்தன? மலிவான கூலி ஒரு காரணம். இன்னொரு முக்கிய காரணம் 1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை உடன்படிக்கை. ஒவ்வொரு வளர்முக நாடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று அது அளவு விதித்தது. தமக்குரிய அளவை நிரப்பிவிட்ட கிழக்காசிய நாடுகளின் உற்பத்தியாளர்கள், இன்னும் அளவு நிரம்பாத நாடுகளைத் தேடினர். இலங்கை கிடைத்தது. அதாவது ஒரு மதில் இடிந்ததால் எமது தறி நின்றது. தொலைதூரத்தில் வேறொருவர் கட்டிய மதிலால் கட்டுநாயக்கவில் தையல் இயந்திரம் ஓடியது. 1980களின் பிற்பகுதியில் ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்தியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டமும், ஏற்றுமதி அளவைக் காட்டியே முதலீட்டாளரைக் கிராமங்களுக்கு அழைத்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் தைத்த துணியில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்தது. நெய்யத் தெரிந்த ஊருக்கும் தைக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு நூலிழைகூடத் தொடர்பு இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்கள் பலியானது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் மனிதரோடு வீடுகளும் தறிகளும் அள்ளுண்டு போயின. அதன் பின் ஐந்தே நாளில், டிசம்பர் 31ஆம் திகதியோடு, ஆடை ஏற்றுமதி அளவு முறையும் உலகளவில் முடிவுக்கு வந்தது. ஒரே கிழமையில் ஒன்று எமது கரையின் தறியைக் கொண்டுபோனது. மற்றொன்று எமது நாட்டின் தையல் இயந்திரத்துக்கு நிழல் தந்த மரத்தைச் சாய்த்தது. முதலாவதை உலகமே பார்த்தது. இரண்டாவதை வணிகப் பக்கம் படிப்போர் மட்டும் பார்த்தனர். கடற்கோளின் பின் நிவாரணமாகத் தறிகள் வழங்கப்பட்டன. நல்ல நோக்கத்தோடு செய்த உதவி அது. எனினும் மரத்தால் செய்த தறியைக் கொடுத்துவிடலாம். அந்தத் தறி நின்று பிழைப்பதற்கான இடைவெளியை எந்த நிவாரணப் பொதியிலும் வைத்து அனுப்ப முடியாது.

இது நெசவுக்கு மட்டும் உரிய விதியா என்று பார்க்க, இப்போது வடக்கே அல்லாமல் மேற்கே திரும்புவோம். கல்லோயாத் திட்டத்தின் ஒரு பகுதியாக 1960ஆம் ஆண்டளவில் எழுந்தது ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலை. தறிக்கு நூல் எப்படியோ அப்படியே சீனி ஆலைக்குக் கரும்பு. ஆனால் கரும்பு காத்திருக்காது. வெட்டிய கரும்பில் நேரம் செல்லச் செல்லச் சீனி குறையும். ஆகவே கரும்புச் செய்கையாளன் பக்கத்திலுள்ள ஆலைக்குத்தான் விற்க முடியும். ஆலையும் பக்கத்துக் கரும்பைத்தான் அரைக்க முடியும். இருவரும் ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். அந்தக் கயிற்றின் நுனியோ உலகச் சந்தையின் கையில் இருக்கிறது. 1974 நவம்பரில் உலகச் சந்தையில் ஒரு இறாத்தல் சீனி 65 அமெரிக்கச் சதத்தைத் தொட்டது. 1985இல் அதே ஒரு இறாத்தல் 3 சதத்துக்கும் கீழே இறங்கியது. பதினொரு ஆண்டுகளில் இருபதில் ஒரு பங்கு! இத்தகைய ஊஞ்சலில் அமர்ந்துகொண்டு எந்த ஆலைக்குப் பணம் போடுவது, எந்த வயலில் கரும்பு நடுவது?

ஹிங்குராணை ஆலை 1990களின் தொடக்கத்தில் தனியார் மயமாக்கப்பட்டு, 1997இல் மூடப்பட்டது. கரும்பு நின்ற காணிகளில் நெல் நின்றது. பதினைந்து ஆண்டுகளின் பின், அரசும் தனியாரும் பங்காளராயுள்ள கல்லோயா பெருந்தோட்ட நிறுவனத்தின்கீழ் 2012இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. நெல்லுக்குப் பழகிய கை மறுபடி கரும்புக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரு செய்கையை விடுவதும் மீண்டும் எடுப்பதும் கோப்பில் ஒரு கையெழுத்து. வயலில் அது ஒரு மனிதனின் நடுவயது.

அந்தச் சீனியின் இடைவெளியைக் காப்பது இறக்குமதி வரி. 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் குறைக்கப்பட்டது. நுகர்வோருக்கு விலை குறையும் என்பது காட்டப்பட்ட காரணம். கடையில் விலை அந்த அளவுக்குக் குறையவில்லை. அரசு இழந்த பணம் ஏழையின் தேநீர்க் கோப்பையில் வந்து சேரவில்லை என்று பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பெரும் விவாதம் நடந்தது. 2023 நவம்பரில் அறவீடு மீண்டும் 50 ரூபாவாக்கப்பட்டது. வரி இறங்கியபோதும் ஏறியபோதும் கரும்பு அதே வயலில்தான் நின்றது. ஒரு நாளில் மாறும் வரிக்கு ஏற்ப ஒரு நாளில் மாறக்கூடிய பயிர் உலகில் இல்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்குச் சற்று மேலிருந்த டொலர், மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதற்கு முன்பே, 2020இலிருந்து, பல பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளிநாட்டுத் துணி விலையேறியது. 1970களின் மதில் தானாகவே மீண்டும் எழுந்துவிட்டது போன்ற தோற்றம். அப்படியானால் தறிகள் மறுபடி ஒலித்திருக்க வேண்டாமா? எமது கணக்கை மீண்டும் எடுத்துப் பார்ப்போம். நூல் பத்து ரூபாவிலிருந்து இருபதாகிறது. சாறனை இருபத்தைந்துக்கு விற்றால் நெசவாளிக்குப் பழைய ஐந்து ரூபாவே கிடைக்கும். ஆனால் அரிசியும் இருமடங்கு விலையாகிவிட்டபடியால் அந்த ஐந்து ரூபா பழைய இரண்டரை ரூபாவே. பழைய வாழ்வு வாழ முப்பது ரூபாவுக்கு விற்கவேண்டும். வாங்குபவர் மடியோ இருமடங்காகவில்லை. துணியின் மதில் உயர்ந்தபோது நூலின் மதிலும் சேர்ந்தே உயர்ந்துவிட்டது. 1970களில் அரசு நூலுக்கு வாசலைத் திறந்து வைத்திருந்தது. 2022இல் அந்த வாசலும் அடைபட்டது. இரண்டு காலங்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினும் பயன் வேறாகியது இதனாலேயே.

அப்படியானால் மதில் வேண்டுமா, வேண்டாமா? ஐம்பது ஆண்டுகளாக இந்நாட்டு அரசியல் மேடைகளில் இந்தக் கேள்வியே சுற்றிச் சுற்றி வருகிறது. நாம் மேலே கண்ட வரலாறு வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது. தறியில் போட்ட பணம் திரும்ப எத்தனை ஆண்டு வேண்டும்? கரும்பு நட்டவர் கடனடைக்க எத்தனை போகம் வேண்டும்? அத்தனை காலத்துக்காவது அந்த இடைவெளி நிலைத்திருக்கும் என்ற உறுதியைத் தரமுடியுமா? மதில் தாழ்வாக இருந்தாலும் பரவாயில்லை. இரவோடிரவாக இடியாதிருக்க வேண்டும். 1977இல் திறந்ததைவிட, தறிக்கு அவகாசம் தராமல் திறந்ததே பெரிய அடி என்பது என் எண்ணம். பத்து ஆண்டு முன்னறிவித்தலோடு மதிலைப் படிப்படியாக இறக்கியிருந்தால், நல்ல நெசவாளர் புதிய கோலத்துக்கும் புதிய வாடிக்கைக்கும் மாறியிருப்பர். மற்றவர் மெல்ல விலகி வேறு தொழில் தேடியிருப்பர்.

மாற முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஓவியர் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட் நிறுவனம் கைத்தறித் துணியின் நிறச் சேர்க்கைகளால் நாடு கடந்தும் பெயர் பெற்றது. அங்கே வாங்குபவர் அதை ஆலைத் துணியின் விலையோடு ஒப்பிடுவதில்லை. நிறத்துக்கும் கோலத்துக்கும் கைக்கும் விலை கொடுக்கிறார். காந்தியடிகள் மனச்சாட்சியிடம் கேட்டதை இங்கே அழகுணர்வு கொடுக்கிறது. ஆனால் அத்தகைய வாடிக்கையாளரைத் தேடிப் போகக் கொழும்பும் பழக்கமும் முதலும் வேண்டும். மருதமுனையின் ஒரு தனி நெசவாளி அந்தத் தூரத்தைத் தனியே கடக்க முடியாது. கூட்டுறவு என்ற சொல்லுக்கு இன்றும் வேலை மிச்சமிருப்பது அந்த இடத்தில்தான்.

நேயர்களே, நான் தமிழ் கற்பிப்பவன். பொருளியல் எனது துறையன்று. இருந்தும் ஒரு வேண்டுகோளோடு முடிக்க விரும்புகிறேன். இளங்கோ காருகரின் தெருவைக் காட்டி, விலையைக் கூறாமல் விட்டார். நமது காலத்துக் காருகரின் விலைகள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன? நூல் வாங்கிய சிட்டைகளில், பிடவைக் கடைக் கடன் கொப்பிகளில், நெசவாளர் சங்கங்களின் கணக்கேடுகளில், நெல் விற்ற பற்றுச்சீட்டுகளில். அவற்றுள் எத்தனையோ 2004இல் கடலோடு போயின. எஞ்சியவை றங்குப்பெட்டிகளுக்கு அடியிலும் பரண்களிலும் கறையானுக்குக் காத்துக்கிடக்கின்றன. வீடு துப்புரவு செய்யும்போது அத்தகைய கொப்பி ஒன்று அகப்பட்டால், பழைய கடுதாசி என்று அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்திடமோ பாடசாலையிடமோ கொடுங்கள். உங்கள் பாட்டனார் எந்த ஆண்டில் ஒரு கட்டு நூலுக்கு என்ன கொடுத்தார், ஒரு சாறனுக்கு என்ன பெற்றார் என்ற இரண்டு எண்களை அதிலிருந்து எடுத்துவிட்டால், அந்த வீட்டில் அவ்வாண்டு எத்தனை வேளை அடுப்பெரிந்தது என்பதும் தெரிந்துவிடும்.